அறுபத்து நான்கு பேர், ஆறடி இடைவெளி

ஆகஸ்ட் 8, 2021, ஞாயிறு

குறிஞ்சி கார்டனில் புதிய தொற்று இல்லை. தொடர்ந்து ஒன்பதாவது நாள். ஆதாரம்: பகுதி சுகாதார ஆய்வாளர், தொலைபேசியில், காலை 9.20.

செய்தி உறுதியானவுடன் எங்கள் குடியிருப்போர் சங்கம் செய்த முதல் வேலை, ஒரு குழு அமைத்தது. பெயர், கும்மி மீள்தொடக்கப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஓர் அலை வந்து போய்விடும்.

உறுப்பினர்கள் ஐந்து பேர். சங்கத் தலைவர் அவிநாசியப்பன், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். மூன்று பிரதி எடுக்காமல் தும்மக்கூட மாட்டார். நாச்சிமுத்து, பகலில் லேத் பட்டறை, பொழுதோடு கும்மி வாத்தியார். கலாமணி, தையல்கடைக்காரர், வாய்க்கு மட்டும் முகக்கவசம் போட முடியாதவர். திருமூர்த்தி, பல் டாக்டர். எங்கள் வீதிகளில் வெள்ளைக் கோட்டு வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான் என்பதால் வைரஸ் நிபுணர். ஐந்தாவது நான், சென்னியப்பன். முப்பத்தெட்டு வருடம் நாளிதழ் நிருபர். இரண்டு ஆதாரம் இல்லாமல் ஒரு வரியை அச்சுக்கு அனுப்பியதில்லை. அதனால் அமைப்பாளர்.

வாத்தியார் நடுவில் நின்று வள்ளி, முருகன் கதையைப் பாடுவார். மற்றவர்கள் வட்டமாக நின்று, பின்பாட்டுப் பாடி, கைகொட்டி, அடிவைத்து ஆடுவார்கள். அதுதான் வள்ளி கும்மி. நாற்பது நாள் பயிற்சி, பிறகு கோயில் மைதானத்தில் அரங்கேற்றம். எங்கள் கணினிக்காரர்களும் இல்லத்தரசிகளும் ஓய்வூதியக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து செய்த ஒரே காரியம் இதுதான். அரங்கேற்றத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஏப்ரலில் நிறுத்தினோம்.

இன்று உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஏப்ரல் பட்டியலில் அறுபத்து நான்கு பேர். ஆளுக்கு ஆறடி இடைவெளி என்றால் வட்டத்தின் சுற்றளவு முந்நூற்று எண்பத்து நான்கு அடி. குறுக்களவு நூற்று இருபத்திரண்டு. எங்கள் மைதானத்தின் அகலம் தொண்ணூறு. ஆக, இரு பக்கமும் பதினாறு அடி மதிலைத் தாண்டித்தான் ஆட வேண்டும். ஒரு பக்கம் சாக்கடை. மறு பக்கம் அவிநாசியப்பன் வீடு.

குழுவுக்குத் தெரிவிக்கப்பட்டது. இரண்டு வட்டமாக நிற்கலாமே என்றார் நாச்சிமுத்து. உள்வட்டத்தின் மூச்சு வெளிவட்டத்துக்குப் போகாது என்பதற்கு ஆதாரம் கேட்டேன். அவரிடம் இல்லை.

என் மனைவி சாந்தாமணியும் அறுபத்து நான்கில் ஒருத்தி. மூன்று வருடமாகப் பார்க்கின்சன் நோய். நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கூடத்துத் தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். மார்ச்சில் 13.2. இன்று 15.6.

ஆகஸ்ட் 11, புதன்

நரம்பியல் டாக்டரிடம் போனோம். சீட்டில் எழுதித் தந்தது இது: தாளத்தோடு கூடிய குழு நடனம், வாரம் மூன்று நாள், இரண்டு தடுப்பூசியும் போட்டிருப்பதால், திறந்த வெளியில், இயன்ற விரைவில் தொடங்கலாம்.

வாயால் சொன்னது: “மாத்திரை பாதி வேலைதாம்மா செய்யும். மீதிய அந்தப் பாட்டுத்தான் செஞ்சுட்டு இருந்துச்சு. லேட் பண்ணாதீங்க.”

காரில் வரும்போது கேட்டாள். “ஏனுங்க, சீட்டைக் குழுவுல காட்டுவீங்கல்லொ?”

“ஒரு டாக்டர் சொன்னதுதான சாந்தா? இன்னொருத்தருகிட்டயும் கேட்டு உறுதி பண்ணிக்கணும்.”

“சரிங்க” என்றாள். முப்பத்தோரு வருடம் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து, ‘லைன் பிஸியாக இருக்கிறது’ என்று சொல்லிப் பழகிய குரல். அதற்குமேல் அதில் எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

சீட்டைக் காஸ் ரசீதுகள் இருக்கும் கோப்பில் வைத்தேன். இரண்டாவது டாக்டரிடம் நேரம் வாங்க வேண்டும். தக்காளி, சின்ன வெங்காயம், மிக்ஸி வாஷர்.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

கொடியேற்றம். பிறகு மைதானத்து வேப்பமரத்தடியில் குழுவின் முதல் கூட்டம். அவிநாசியப்பன் இருபத்து மூன்று விதிகள் தட்டச்சு செய்து வந்திருந்தார். விதி 7: பாடும்போது வாயைத் திறக்கக் கூடாது.

“வாயத் தொறக்காம எப்படிங்க பாடறது?” என்றார் நாச்சிமுத்து.

“முணுமுணுங்க. நாங்கெல்லாம் பேங்க்குல முப்பது வருசம் அப்படித்தான் ஓட்டுனோம்.”

விதி 11: கை கொட்டுவதற்கு முன்பும் பின்பும் கிருமிநாசினி. ஒரு பாட்டுக்கு ஏறக்குறைய நானூறு கொட்டு விழும் என்று கலாமணி நினைவூட்டினார். விதி 11 மறுபரிசீலனைக்கு அனுப்பப்பட்டது.

என் பங்குக்கு ஒரு விதி சேர்த்தேன். தொடர்ந்து பதினான்கு நாள் புதிய தொற்று இருக்கக் கூடாது. பெரும்பான்மையில் ஏற்கப்பட்டது. பதினான்காவது நாள் போன வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது என்றார் பல் டாக்டர். இன்றிலிருந்து எண்ண வேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

இணையவழிக் கும்மி நடந்தது. ஆதாரம்: நான், நேரில். நேரில் என்பதை இந்த வருடம் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நாச்சிமுத்து பட்டறையிலிருந்து பாடினார். அவர் பாடிய அடி எங்கள் வீட்டுக்கு ஒரு நொடி கழித்து வந்தது. கலாமணி வீட்டுக்கு ஒன்றரை நொடி. டல்லாஸில் மகன் வீட்டில் மாட்டிக்கொண்ட தம்பதிக்கு மறுநாள் போய்ச் சேர்ந்திருக்கும். முப்பத்தெட்டு வீட்டுக் கைகொட்டும் தனித்தனியாக வந்து விழுந்தது, தகரக் கூரைமேல் புளியங்கொட்டையைக் கொட்டினாற்போல. அவிநாசியப்பன் மியூட்டை எடுக்க மறந்து முழுப் பாட்டையும் பாடினார். அன்றைக்கு உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

சாந்தாமணி கூடத்தில் நின்று ஆடினாள். முதல் பாட்டு சரியாகப் போனது. இரண்டாவதில் திரை உறைந்து, நடுவில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பாட்டு நின்ற இடத்தில் அவளும் நின்றாள். பாட்டு திரும்பி வந்தது. அவள் வரவில்லை. பாதம் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றாள். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“நெட்டு சரியில்லீங்க” என்றாள்.

ரௌட்டரைக் கழற்றி மாட்டினேன்.

ஆகஸ்ட் 24, செவ்வாய்

தியேட்டர்களைப் பாதி இருக்கைகளோடு திறந்துவிட்டார்கள். மதுக்கடைகள் ஏற்கெனவே முழு வரிசையோடு. கும்மி ஆபத்தானது.

17.8.

செப்டம்பர் 5, ஞாயிறு

யோகா வகுப்புக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் அனுமதி உண்டு. கலை நிகழ்ச்சிக்கு இல்லை. ஆதாரம்: அரசு அறிவிப்பு, இரண்டு முறை படித்தேன். எனவே கும்மி உடற்பயிற்சியா, கலையா என்பது குறித்து இன்று இரண்டு மணி நேரம் விவாதம்.

“யோகா பண்ணலாம், ஜிம்முக்குப் போலாம். கும்மி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுங்க?” என்றார் கலாமணி.

“அது உடம்புக்குப் பண்றதுங்க அம்மிணி. இது கலை” என்றார் அவிநாசியப்பன்.

“ஒன்றரை மணி நேரம் குனிஞ்சு நிமிந்து ஆடுங்க. அப்பறம் மூச்சிருந்தா இது கலையின்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

கை கொட்டினால் ரத்த ஓட்டம் சீராகும் என்று பல் டாக்டர் சான்றளித்தார். பல்லுக்குமா என்று கேட்டார் நாச்சிமுத்து.

மாலை காவல்நிலையத்துக்கும் மாவட்ட அலுவலகத்தில் இருக்கும் பழைய நண்பருக்கும் பேசினேன். இருவரும் ஒன்றையே சொன்னார்கள். “மைக் கட்டாதீங்க, போஸ்டர் ஒட்டாதீங்க. எக்சர்சைஸ்னா எக்சர்சைஸ் மாதிரிப் பண்ணிட்டுப் போங்க.” இரண்டு ஆதாரம். வேறு வழியில்லாமல் குழுவுக்குத் தெரிவித்தேன்.

கூடவே, பதினான்கு நாள் என்பதை இருபத்தெட்டாக்க வேண்டும் என்றும் தெரிவித்தேன்.

“போன மாசம் பதினாலுன்னீங்களேண்ணா” என்றார் கலாமணி.

“அறிவியல் மாறுதுங்க அம்மிணி.”

“மாறுனது அறிவியலுங்களா, நீங்களா?”

கூட்டக் குறிப்பில் இந்தக் கேள்வியைச் சேர்க்கவில்லை. பேசுபொருளுக்கு வெளியே உள்ளது.

செப்டம்பர் 12, ஞாயிறு

கலாமணி வீட்டுக்கு வந்து புதிய பட்டியல் தந்தார். “அறுபத்து மூணுங்ண்ணா. நீங்க இன்னும் அறுபத்து நாலுன்னே கணக்குப் போட்டுட்டு இருக்கறீங்க.” சாந்தாமணி அப்போது அடுக்களையில் இருந்தாள். கோப்பில் பிறகு திருத்திக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினேன்.

திருத்த வேண்டிய பெயர் பொன்னுச்சாமி. சாந்தாமணியின் தம்பி. வட்டத்தில் அவளுக்கு வலப்பக்கம் நிற்பவன். மே 19 அன்று அவனுக்கு ஆக்சிஜன் படுக்கை கேட்டு நாற்பத்தொரு எண்களுக்கு அழைத்தேன். முப்பத்தெட்டு வருடத்தில் சேர்த்த எண்கள். இருபத்தாறு பேர் எடுத்தார்கள். இருபத்தாறு பேரும் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். உறுதியான தகவல் எதுவும் வரவில்லை.

இதற்கும் குழுவின் முடிவுக்கும் தொடர்பில்லை. முழுமைக்காக எழுதுகிறேன்.

தண்ணீர் லாரி வந்தது. இரண்டாவது டாக்டரிடம் இன்னும் நேரம் வாங்கவில்லை.

செப்டம்பர் 26, ஞாயிறு

21.0. இரண்டு முறை எடுத்தேன். இரண்டு முறையும் அதேதான்.

அக்டோபர் 3, ஞாயிறு

குறிஞ்சி கார்டனில் இருபத்தெட்டு நாளாகப் புதிய தொற்று இல்லை. ஆதாரம்: சுகாதார ஆய்வாளர். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். என் எண்ணைப் பார்த்ததும் “ஒண்ணுமில்லீங்க” என்றுதான் பேசவே தொடங்குகிறார்.

கூட்டத்தில், நம் குடியிருப்பு மட்டும் போதாது, சுற்றிலும் ஐந்து கிலோமீட்டருக்குக் கணக்கு வேண்டும் என்றேன். ஐந்து கிலோமீட்டருக்குள் இரண்டு சந்தை, ஒரு பேருந்து நிலையம், பதினோரு கல்யாண மண்டபம். கொசுவுக்குக்கூட நீங்கள் கேட்கும் சான்றிதழ் கிடைக்காது என்றார் நாச்சிமுத்து. பட்டறைக்காரர். பேச்சிலும் உலோகத்தைச் சீவுவது போல மெதுவாகச் சீவுவார்.

“நேத்து எங்க சின்னம்மா பேத்தி கல்யாணமுங்க. நானூறு பேரு. பந்தியில ஒருத்தரு எச்சி இன்னொருத்தரு எலையில தெறிக்குது. அதுக்கு யாரும் குழு போடலீங்க. ஆறடி தள்ளி நின்னு அவங்கவங்க கையை அவங்கவங்களே தட்டறதுக்கு ரெண்டு மாசமாக் குழு. ஏனுங்ண்ணா, நெசத்தச் சொல்லுங்க. உங்களுக்கு என்ன பயம்?”

எனக்குப் பயம் எதுவும் இல்லை. நடைமுறை என்று ஒன்று இருக்கிறது என்றேன். அவிநாசியப்பன் பலமாகத் தலையாட்டினார். நான் சொன்னதை அவிநாசியப்பன் ஆமோதித்தது வாழ்க்கையில் இதுவே முதல் முறை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது உறுத்தியது.

அக்டோபர் 10, ஞாயிறு

சிறு விபத்து. காலை 6.40. குளியலறை வாசற்படியில் சாந்தாமணியின் கால் ஒட்டிக்கொண்டது. உடம்பு முன்னே போய்விட்டது. இடது முழங்கையிலும் நெற்றியிலும் காயம். தையல் இல்லை. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை.

தூக்கி உட்கார வைத்தபோது சிரித்தாள். “வாசப்படியில நாச்சிமுத்து நின்னு ஒரு அடி பாடியிருந்தா தாண்டியிருப்பனுங்க.”

குளியலறையில் கைப்பிடி மாட்ட ஆள் வந்தது. மாலைக் கூட்டம் மழையால் ஒத்திவைக்கப்பட்டது. மழை பெய்யவில்லை; பெய்யும்போல இருந்தது. ஒத்திவைத்தது நான்.

நடக்கவைத்துப் பார்க்கவில்லை.

அக்டோபர் 17, ஞாயிறு

26.1.

அக்டோபர் 24, ஞாயிறு

கும்மி நவம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை மாலை 5.30க்குத் தொடங்கும்; பிறகு ஞாயிறு, திங்கள், வெள்ளி என வாரம் மூன்று நாள். ஆதாரம்: குழுத் தீர்மானம், நான்கு வாக்கு ஆதரவு, எதிர்ப்பு இல்லை, ஒருவர் வாக்களிக்கவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கூட்டம் நான்கரைக்கு. நான் ஐந்து கிலோமீட்டர் கணக்கை வாசித்துக்கொண்டிருந்தேன். மைதானத்து வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாந்தாமணி நின்றாள். வீட்டிலிருந்து மைதானம் இருநூறு மீட்டர். தனியாக வந்திருக்கிறாள். கையில் காஸ் ரசீதுக் கோப்பு.

கலாமணி எழுந்து ஓடினார். “சாந்தாக்கா, பாத்து வாங்க. சேர் போடறேன்.”

“நிக்கறேன் கலா. உக்காந்தா எந்திரிக்க நேரமாகும். இவரு வேற வாட்ச்சைப் பாப்பாரு.”

அவள் குரல் இப்போதெல்லாம் ரொம்பச் சன்னம். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். கோப்பைத் திறந்து டாக்டர் சீட்டை எடுத்து அவிநாசியப்பனிடம் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தார். தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஆகஸ்ட் பதினொண்ணுங்களா இது? ஏனுங்க சென்னியப்பன், குழுவுக்கு வரவே இல்லைங்களே.”

“ஒரு ஆதாரந்தான் இருந்துச்சுங்க” என்றேன். “இன்னொரு டாக்டருகிட்ட...”

“ரெண்டாவது ஆதாரமும் இருக்குதுங்க” என்றாள் சாந்தாமணி. “உங்க டைரி. வினாடிக் கணக்கு எழுதி வெச்சிருக்கறீங்கல்ல? அதைய மட்டும் படிங்க. மத்தது வேண்டாம்.”

நாட்குறிப்பு என் பையில்தான் இருந்தது. கூட்டக் குறிப்புகளையும் இதில்தான் எழுதுகிறேன். நிருபர் வேலையில் மற்றவர்களை வாசிக்க வைத்திருக்கிறேன். வாசிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறேன். என்னை யாரும் வாசிக்க வைத்ததில்லை. மார்ச் 13.2. ஆகஸ்ட் 8, 15.6. ஆகஸ்ட் 24, 17.8. செப்டம்பர் 26, 21.0. அக்டோபர் 17, 26.1.

“தப்பில்லாம எழுதியிருப்பாருங்க” என்றாள் மற்றவர்களிடம். “அதுல அவரு கெட்டிக்காரரு.”

பல் டாக்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலாமணி மட்டும் என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “பொன்னுச்சாமிண்ணனுக்கு நீங்க போன் போட்டது எங்க எல்லாருக்கும் தெரியுமுங்ண்ணா” என்றார்.

அவிநாசியப்பன் வாக்கெடுப்புக் கேட்டார். நான் ஆதரிக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை. இப்படி நழுவுகிறவர்களைப் பற்றி வருடத்துக்கு ஒன்றிரண்டு பத்தி எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பதினொரு நிமிடம். பேசவில்லை. கதவைத் திறக்கும்போது, “கோவமுங்களா?” என்றாள். இல்லை என்றேன். “எனக்கு இருக்குதுங்க” என்றாள்.

நவம்பர் 4, வியாழன்

தீபாவளி. சாந்தாமணி பேசிவிட்டாள். பேசியது முறுக்கு உப்பைப் பற்றி. இருந்தாலும் பேச்சுதான்.

நவம்பர் 7, ஞாயிறு

கும்மி தொடங்கியது. ஆதாரம் தேவையில்லை, மூன்று வீதி தள்ளிக் கேட்டிருக்கும்.

வாசலில் வெப்பமானியோடு நிற்கும் பொறுப்பை அவிநாசியப்பன் எனக்குத் தந்தார். தண்டனையா, கௌரவமா என்று கேட்கவில்லை. சங்கம் வாங்கிய வெப்பமானி வந்தவர்கள் எல்லோருக்கும் முப்பத்து நான்கு டிகிரி காட்டியது. அந்தக் கணக்குப்படி குறிஞ்சி கார்டனில் அத்தனை பேரும் விறைத்துப்போய் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். எல்லோரையும் உள்ளே விட்டேன்.

நாற்பத்தேழு பேர் வந்தார்கள். தொண்ணூறு அடி மைதானத்தில் ஆறடி இடைவெளிக்கு ஒரே வட்டமாகச் சரியாக நாற்பத்தேழு பேர்தான் நிற்க முடியும். என் கணக்கு இந்த மூன்று மாதத்தில் யாருக்காவது பயன்பட்டது என்றால் இந்த ஒரு இடத்தில்தான். ஆனால் நாற்பத்தெட்டு புள்ளி குத்தியிருந்தார்கள். சாந்தாமணியின் இடப்பக்கம் ஆறடியில் கலாமணி. வலப்பக்கம் பன்னிரண்டடிக்கு யாரும் இல்லை. அந்தப் புள்ளியில் நிற்கச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

நாச்சிமுத்து முகக்கவசத்தோடு பாடினார். முருகன் வேடன் வேடத்தில் வந்து தினைப்புனத்தில் வள்ளியிடம் வழி கேட்கும் இடம். வேடனும் முகக்கவசம் போட்டிருந்தால் வள்ளி அடையாளம் கண்டிருக்கவே மாட்டாள், கதை இன்னும் சுலபமாக நடந்திருக்கும் என்றார் நடுவில். சிரித்தார்கள். பிறகு அடுத்த அடி எடுத்தார்.

சாந்தாமணி முதல் அடிக்கு நின்றாள். இரண்டாம் அடிக்கும் நின்றாள். மூன்றாவதில் கை கொட்டினாள். கொட்டிய கையோடு கால் போனது. ஒரு பக்கம் குனிந்து, நிமிர்ந்து, திரும்பி, அடுத்த பக்கம். வாசற்படியைத் தாண்ட முடியாத கால். இரண்டு சுற்று வந்தாள். மூன்றாவது சுற்றில் என் முன்னால் வந்தபோது, “கதவப் பாருங்க, இங்க என்ன பார்வை?” என்றாள். கதவைப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

நவம்பர் 14, ஞாயிறு

22.7. மழை. மைதானத்தில் சேறு. ஆடினார்கள்.

நவம்பர் 21, ஞாயிறு

19.4. வாத்தியார் அரங்கேற்றத் தேதி கேட்கிறார். அவிநாசியப்பன் துணைக்குழு அமைக்கிறார்.

நவம்பர் 27, சனி

புதிய வகை வைரஸ் ஒன்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாச் சேனலிலும் உலக வரைபடம், சிவப்பு அம்புகள். அவிநாசியப்பன் நான்கு முறை போன் செய்தார். ஐந்தாவது முறை, நான் ஏன் போனே செய்யவில்லை என்று கேட்கப் போன் செய்தார்.

நவம்பர் 28, ஞாயிறு

கலாமணிக்குத் தொற்று உறுதி. பழைய வகையா, புதிய வகையா என்று தெரியாது. ஆதாரம்: கலாமணி, வாட்ஸ்அப் குரல் பதிவு, காலை 7.05.

பதிவு முழுவதும்: “அண்ணா, நீங்க சொன்னமாதிரியே ஆயிப்போச்சுங். சந்தோசமுங்களா? வாசமே தெரியறதில்லீங். எங்கூட்டுக்காரரு சமைக்கறாரு, அதனால அதும் நல்லதுக்குத்தான். காச்ச எச்சா இல்ல. போச்சாது, பரவால்லீங். சாந்தாக்காவுக்கு நேரமே டெஸ்ட் எடுத்துருங். வெள்ளிக்கெழம எம்பக்கத்துல தான் நின்னாங்க.”

காலை 9.10க்கு மாதிரி கொடுத்துவிட்டு வந்தோம், சாந்தாமணியும் நானும். அவளுக்கு உடல்சூடு 98.9. காலையிலிருந்து இரண்டு முறை இருமினாள். இரண்டாவது, காபி புரையேறியதாகவும் இருக்கலாம்.

பத்தரைக்குக் குழு தொலைபேசியில் கூடியது. எதிரில் இரண்டு யோசனை. ஒன்று, தொற்று வந்தவரும் பக்கத்தில் நின்றவர்களும் விலகி இருக்கட்டும், ஏழு நாள் கும்மி நிறுத்தம், சரியாக இருந்தால் டிசம்பர் 6 திங்கள் தொடங்குவது. இரண்டு, பொங்கல் கழியும் வரை மூடுவது, பிறகு கூடி யோசிப்பது. நாச்சிமுத்தும் படுக்கையிலிருந்து கலாமணியும் ஏழு நாளுக்கு. அவிநாசியப்பனும் பல் டாக்டரும் பொங்கலுக்கு. இரண்டுக்கு இரண்டு.

“நீங்க அவசரப்பட வேண்டாமுங்க சென்னியப்பன்” என்றார் அவிநாசியப்பன். எப்போதும் இல்லாத பரிவோடு சொன்னார். “நாளைக்கு உங்க ஊட்டு ரிசல்ட்டு வரட்டும். பாத்துட்டுச் சொல்லுங்க.”

நியாயம். முப்பத்தெட்டு வருடம் அப்படித்தான் வேலை செய்தேன். அப்படியே சொல்லிவிட்டு வைத்தேன்.

சாந்தாமணி பின்கட்டில் கும்மிப் புடவையை அலசிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைச் சேறு கரையில் காய்ந்து போயிருந்தது. வாளிக்குள் கை நடுங்குவதில் தண்ணீர் வெளியே தெறித்தது. பிழிய நான் ஒரு முனையைப் பிடித்தேன்.

“என்ன சொன்னீங்க?”

“நாளைக்குச் சொல்றேன்னேன். முடிவு தெரியட்டும்.”

“ரிசல்ட்டு வந்ததுக்கப்பறம் சொன்னா அது முடிவுங்களா?” என்றாள். “அது செய்திங்க.”

அவள் பக்கத்து முனையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கைநடுக்கம் துணிவழியாக என் கைக்கு வந்தது.

“வந்திருந்தா?” என்றேன்.

“வந்திருந்தாப் படுத்திருந்து எந்திரிக்கறேன். அன்னிக்கு எந்திரிச்சு எங்க போறது, அதைய இன்னிக்கே சொல்லுங்க. முறுக்குங்க, தண்ணி சொட்டுது.”

முறுக்கினேன். கொடியில் போட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு குழுவுக்கு எழுதினேன்: ஏழு நாள். நேரம் 11.50. அவிநாசியப்பன், உறுதியா என்று கேட்டார். இல்லை என்று பதில் போட்டேன். வாக்கு செல்லும் என்று நாச்சிமுத்து போட்டார்.

நிலுவையில் இருப்பவை: சாந்தாமணி, சென்னியப்பன் பரிசோதனை முடிவுகள், நாளை காலை பதினொரு மணி. கலாமணியின் வாசனை, டாக்டர் சொன்னபடி பத்து நாளுக்குள். கும்மி, டிசம்பர் 6, திங்கள், மாலை 5.30. புடவை, மழை வராவிட்டால் இன்று சாயங்காலம்.